இருநூறு எண்ணும் வரை

பால் தீய்ந்த அன்று நடந்த பேச்சுதான் மருமகளுக்கு முதலில் நினைவுக்கு வரும். அதற்கு முன்பு அவளும் மாமனாரும் பேசிக்கொண்டதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் அட்டைகூட நிறையாது. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கணவன் சரக்கு லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பான். மாமனார் காலை ஏழரைக்குக் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அவரும் அவளும் வாயைத் திறப்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்கிற ஆட்கள். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் மாமியார் ஒருத்தியே பேசிவிடுவாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், மாமியார் கடைக்குப் போயிருந்தாள். கீழேயிருந்து தீய்ந்த வாடை வந்தது. கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். அடுப்பில் பால் பாத்திரம் அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நாலடி தள்ளி, சமையலறைக்கு முதுகைக் காட்டியபடி, மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பால்!"

"என்னம்மா?"

"பால் தீஞ்சிடுச்சு. உங்களுக்கு வாடை வரலையா?"

அவர் திரும்பிப் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பேப்பர்ல கவனமா இருந்துட்டேன்."

"மாடி வரைக்கும் வந்துச்சே மாமா."

"அவ்வளவா?"

சமாளிக்கிறவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டாள். தண்ணீர் பட்டதும் புஸ்ஸென்று புகை எழுந்தது.

"இப்பவும் வருதா?"

"வருது மாமா."

"லேசாவா, மூச்சு முட்டற மாதிரியா?"

"மூச்சு முட்டுது."

அவர் பேப்பரை நாலாக மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், வீட்டிலிருந்த ஜன்னல் ஒவ்வொன்றையும் திறந்தார். கடைசி ஜன்னலின் கொக்கியை மாட்டியபடி, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அத்தைகிட்ட நான் தூங்கிட்டேன்னு சொல்லிடும்மா."

மாமியார் தெருவில் வரும்போதே ஆரம்பித்துவிட்டாள். "என்ன, வீட்டையே கொளுத்திட்டீங்களா? தெருமுனையிலேயே வரவேற்பு பலமா இருக்கு!" உள்ளே வந்து பாத்திரத்தைப் பார்த்தாள். "பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களா? ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் மோந்து பாத்து சர்ட்டிபிகேட் குடுக்கற மூக்கு, வீட்டுக்கு வந்தா மட்டும் லீவு போட்டுடுதே!"

"மாமா தூங்கிட்டாங்க அத்தை," என்றாள் மருமகள்.

அவருக்காக அவள் சொன்ன முதல் பொய் அது.

மாமியார் சொன்ன சர்ட்டிபிகேட் வெறும் கேலி இல்லை. நெடுஞ்சாலையைத் தொட்டாற்போல ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்த கார் கழுவும் கடையில் அவர் முப்பத்தொரு வருடமாக வேலை செய்துவந்தார். முதலில் குழாயைப் பிடித்து வெளியே தண்ணீர் அடிக்கிற வேலை. பிறகு உள்வேலைக்கு மாறினார். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த வண்டி, வெள்ளத்தில் நின்ற வண்டி, எலி குடும்பம் நடத்திய வண்டி எல்லாம் அவரிடம்தான் வரும். சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்து, வண்டியைத் திரும்பவும் மனிதர் உட்காருகிற இடமாக்கித் தருவார்.

கடைசியில் ஒரு சோதனை உண்டு. அதைக் கடையில் 'மூடிப் பார்க்கிறது' என்பார்கள். வேலை முடிந்த வண்டியை, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். சூடு ஏறினால் ஒளிந்திருக்கிற வாடையும் வெளியே வந்துவிடும். பிறகு அவர் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, இருநூறு வரை எண்ணுவார். வியர்வை சொட்ட இறங்கி வந்து 'சரி' என்றால்தான் சாவி வாடிக்கையாளர் கைக்குப் போகும். தலையை ஆட்டினால் வண்டி திரும்பவும் கூரைக்குக் கீழே போகும். கடைக்காரம்மாவே அந்த 'சரி'க்குக் காத்துக்கொண்டு நிற்பாள். அவரைக் கடையில் யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கண்ணன் என்பார்கள்.

அந்த மூக்கு போய்விட்டிருந்தது.

மருமகள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள். எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்தார். இருமல் போயிற்று, உடம்பு வலி போயிற்று. அதன் பிறகு சாப்பாட்டில் அவர் குறை சொன்னதே இல்லை. முன்பெல்லாம் ஒரு வாய் வைத்தவுடனே உப்பு, புளிப்பு, அடிப்பிடித்தது என்று மூன்று குற்றம் கண்டுபிடிக்கிறவர், எதைப் போட்டாலும் "நல்லா இருக்கு" என்று எழுந்துபோனார். மாமியாருக்கு வாயெல்லாம் பல். "முப்பது வருஷம் கழிச்சு இந்த மனுஷன் திருந்திட்டாரு. காய்ச்சலுக்குத்தான் நன்றி சொல்லணும்," என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருமகள் வேறொன்றைப் பார்த்தாள். அவர் வீடு திரும்பும் நேரம் தள்ளித் தள்ளிப் போனது. வந்ததும் செருப்பைக் கழற்றவே வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வார். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்து, தோல் சுருங்கி, ஏதோ பழைய காகிதம்போல இருக்கும். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். வேலை கூடிவிட்டதா என்று மாமியார் கேட்டால், "அதே வேலைதான். இப்பல்லாம் முடியவே மாட்டேங்குது," என்பார்.

பால் தீய்ந்த பிறகுதான் அந்தப் பதிலின் பொருள் அவளுக்குப் புரிந்தது. வாடை தெரிகிறவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். தெரியாதவன் என்ன செய்வான்? இன்னொரு தடவை தேய்ப்பான். அதுவும் போதுமா என்ற சந்தேகத்தில் மூன்றாவது தடவையும் தேய்ப்பான்.

அந்த நேரத்தில்தான் ஒரு பள்ளிக்கூட டீச்சரின் கார் கடைக்கு வந்தது.

டீச்சரின் கணவர் மூன்று வருடமாகப் படுத்த படுக்கை. ஓட்ட ஆளில்லாமல் கார் ஒரு மரத்தடியில் நின்றபடியே நின்றுவிட்டது. பின்பக்க இடது கண்ணாடி ஒரு விரல் அகலத்துக்கு இறங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மூன்று மழைக்காலத்துத் தண்ணீரும் அந்த வழியாக உள்ளே போயிருந்தது. இப்போது டீச்சர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். வாரம் இருமுறை கணவரைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கோ எந்த வாடை பட்டாலும் வாந்தி வந்துவிடும். வாடகை வண்டியில் இரண்டு முறை முயன்று, பாதி வழியில் திரும்பியிருந்தார்கள்.

"வாசனையும் அடிக்கக் கூடாதுங்க," என்று டீச்சர் கடையில் சொன்னாளாம். "நல்ல வாசனையும் வேண்டாம், கெட்ட வாசனையும் வேண்டாம். ஒண்ணுமே இருக்கக் கூடாது."

கடைக்காரம்மா, "அதுக்குத்தான் எங்க மூக்கண்ணன் இருக்காரு. அவரு சரின்னா சரி, கவலைப்படாமப் போங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இதையெல்லாம் அவர் சாப்பிடும்போது ஒவ்வொரு சொல்லாகத்தான் சொன்னார். அதுவும் மாமியார் விடாமல் கேட்டதால். வண்டி வந்த கோலம் அதில் கொஞ்சம் தெரிந்தது. சீட் பெல்ட்டில் சாம்பல் பூத்தாற்போல பூஞ்சை. கதவைத் திறந்தால் ரப்பர் கையோடு வருகிறது. ஏசி ஃபில்டரில் எலிக்கூடு, அதில் டீச்சர் வீட்டுப் பரீட்சைத் தாள்களின் துணுக்குகள். ஸ்டீயரிங் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. முன்விளக்கு இரண்டும் கண்ணில் புரை விழுந்த மாதிரி மஞ்சளித்திருக்கின்றன.

"பரீட்சைத் தாளைத் தின்ன எலி பாஸா ஃபெயிலா?" என்றாள் மாமியார்.

அவர் சிரிக்கவில்லை. தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பத்து நாளாக அந்த ஒரே வண்டி. பெயிண்ட் பளபளக்கிறது, விளக்கு தெளிந்துவிட்டது, கண்ணாடியில் முகம் பார்க்கலாம். வெளிவேலையெல்லாம் கண் பார்த்துச் சொல்லிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும், அவர் மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு உனக்கு ஆபீஸ் லீவுதானேம்மா?"

அவள் இரண்டு மொழி படித்தவள். பத்திரங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றி எழுதும் அலுவலகத்தில் வேலை. சனி, ஞாயிறு விடுமுறை.

"ஆமா மாமா."

"மத்தியானம் கடைப் பக்கம் வர முடியுமா? வண்டிக்குள்ள கொஞ்ச நேரம் உக்காரணும்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "இருநூறு வரைக்குமா மாமா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அதிர்ச்சி இல்லை. தூக்கிக்கொண்டு நடந்த மூட்டையின் ஒரு முனையை யாரோ பிடித்தாற்போல இருந்தது.

"ஆமாம்மா. இருநூறு."

அடுத்த நாள் கடையில், கடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கடைக்காரம்மாவுக்கு ஆண்பிள்ளைபோல் கையை மடித்துவிட்ட சட்டை, கழுத்தில் தொங்கும் சாவிக்கொத்து, வாயைத் திறந்தால் சத்தம்.

"என்ன அண்ணே, மருமகளைக் கூட்டிட்டு வந்துட்டீங்க? வாரிசா?"

"வண்டிவேலை எப்படி இருக்கும்னு பாக்கணும்னு ஆசைப்பட்டா."

வாழ்க்கையில் அப்படியோர் ஆசையே பட்டிராத அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லாப் பாரும்மா. உங்க மாமா மாதிரி ஆள் இந்த ஊருக்கே ஒருத்தர்தான். ஆனா பத்து நாளா இந்த வண்டியை விடாம கொஞ்சிக்கிட்டிருக்காரு. டீச்சர் தினமும் போன் பண்றாங்க. இன்னைக்காவது சரி சொல்லுவீங்களா அண்ணே?"

"பாக்கறேன்மா."

கார் வெயிலில் நின்றது. பத்து நாளைக்கு முன் அது எப்படி இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கடைக்காரம்மா போனில் பேசியபடி அறைக்குள் போனதும், மாமா பின்கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையனின் அப்பா மாதிரி.

அவள் கண்ணை மூடி எண்ணத் தொடங்கினாள். முகம் முழுக்க அனல். முப்பது வரை சோப்பு வாடை லேசாக இருந்தது, பிறகு அது பழகி மறைந்தது. எலி இல்லை. பூஞ்சை இல்லை. எழுபது, எண்பது. ஒன்றுமே இல்லை என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நூற்றுப் பத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து ஏதோ வந்தது. நூற்று நாற்பதில் அது என்னவென்று தெரிந்தது. சந்தேகமே இல்லை. இருந்தும் இருநூறு வரை எண்ணினாள். பாதியில் இறங்குவது அவருக்கு மரியாதையில்லை என்று தோன்றியது.

இறங்கியதும் மூச்சு வாங்கினாள்.

"பழைய வாடை எதுவும் இல்ல மாமா. எலி, பூஞ்சை, சுத்தமா இல்ல."

அவர் தோள் இரண்டும் தளர்ந்தன.

"ஆனா..."

"சொல்லும்மா."

"ஈரத்துணி வாடை வருது. தரை துடைச்சிட்டு பக்கெட்லயே மறந்துட்டா வருமே, அது. பின் சீட்ல, இடது பக்கம்."

அவர் உள்ளே குனிந்து, அந்த இடத்தில் முட்டியை மடக்கி ஊன்றி, உள்ளங்கையால் உடம்பின் பாரத்தையெல்லாம் வைத்து அழுத்தினார். தையல் இடுக்கில் நீர் மெல்லக் கசிந்து பளபளத்தது. மேலே துணி உலர்ந்திருந்தது. அடியில் பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே வைத்திருந்தது.

"எத்தனை தரம் கழுவினீங்க மாமா?"

"அந்தப் பக்கந்தான் மழைத் தண்ணி எறங்கினது. அதனால நாலு தரம்." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "முதல் தரமே சரியாப் போயிருக்கும். இது மழை பண்ணினது இல்ல. நான் பண்ணினது."

அவர் அந்தச் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கால் வெளியே, தலை உள்ளே. முப்பத்தொரு வருடத்துக் களைப்பும் அந்த ஒரு நிமிடத்தில் வந்து அவர்மேல் ஏறிக்கொண்டது போலிருந்தது.

"கழட்டி வெயில்ல போட்டா காஞ்சிடும் இல்ல மாமா?"

"காஞ்சிடும். ரெண்டு நாள்." எழுந்து ஸ்பானரை எடுத்தார். "இது காஞ்சிடும்."

'இது' என்று அவர் அழுத்திச் சொன்னது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டுப் பையை ஒரு சாக்காகக் கையில் வைத்திருந்தாள். மறுபடியும் இருநூறு. ஒன்றுமில்லை. சோப்புகூட இல்லை. இறங்கி, சரி என்று அவருக்குக் கண்ணால் காட்டினாள். அதன் பிறகு அவர் தானும் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு இருநூறு வரை உட்கார்ந்தார். கடைக்காரம்மா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "சரி," என்றார்.

டீச்சர் வந்தாள். மெலிந்த உடம்பு, தோளில் பெரிய பை. யாரிடமும் பேசாமல் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் உட்காரப்போகிற இடம் அது. நெடுநேரம் இறங்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால் அழுகிறாளா தூங்குகிறாளா என்று தெரியவில்லை. கடைசியில் கதவைத் திறந்தாள்.

"ஒண்ணுமே வரலை," என்றாள். "வீட்லகூட இப்படி ஒண்ணுமில்லாம இல்லைங்க."

கடைக்காரம்மா மாமாவின் தோளில் தட்டினாள். "நான் சொன்னேன்ல? எங்க மூக்கண்ணன் வாக்கு பொய்யாகாது."

டீச்சர் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அந்தக் கையைப் பார்க்காமல், துடைத்த கதவையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. இனி ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் மூடிப் பார்த்தால் அவள் வந்துவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அதைச் சொல்லவும் செய்தாள்.

"எத்தனை சனிக்கிழமைம்மா?" என்றார் அவர்.

பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தக் காய்ச்சலுக்கப்புறம் எட்டு வண்டிக்கு சரி சொல்லியிருக்கேன். டீச்சர் வண்டியைச் சேர்க்காம. எட்டையும் மூணு தரம், நாலு தரம்னு கழுவித்தான் அனுப்பினேன்."

அவளுக்கு அப்போதுதான் 'இது' உறைத்தது. எட்டு வண்டி. எட்டுச் சீட்டின் அடியில் எத்தனை ஈரமோ. அதில் யார் யார் ஏறி உட்கார்ந்து, எங்கிருந்து இந்த வாடை என்று தேடிக்கொண்டிருக்கிறார்களோ. யாரும் திரும்ப வந்து புகார் சொல்லவில்லை. மூக்கண்ணன் சரி சொன்ன வண்டி. வாடை தங்கள் மூக்கில்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் மாலை, மாமியார் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் ஒரு வெள்ளைத் தாளோடு வந்து மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"முதலாளியம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதித் தரணும்மா. நீ எழுதினா மரியாதையா இருக்கும்."

"வேலையை விடப்போறீங்களா மாமா?"

"விட்டா உங்க அத்தை என்னை வீட்ல வச்சிருப்பாளா? உள்வேலை வேண்டாம், வெளியே தண்ணி அடிக்கிற வேலைக்கே போறேன்னு எழுது. நின்னுக்கிட்டே செய்யற வேலை."

அவள் எழுதினாள். தேதி, வணக்கம், முப்பத்தொரு வருடம். அங்கே பேனா நின்றது.

"காரணம் என்ன போடட்டும் மாமா?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். ஊறி வெளுத்த விரல்கள் இரண்டு நாளில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தன.

"முட்டின்னு எழுது. கீழ உக்காந்து எழுந்துக்க முடியலன்னு. அது பொய் இல்லையே?"

"இல்ல மாமா."

முட்டி என்று எழுதினாள். ஒரு வரியில் முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைச் சுட்டித் தாளை அவர் பக்கம் திருப்பினாள். அவர் பேனாவை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்து நீவிவிட்டார். எட்டு வண்டி எண்கள், அவர் கையெழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

"கீழ ஒரு வரி சேத்துடும்மா. இந்த எட்டு வண்டியையும் திரும்பக் கூப்பிட்டு, நல்லா மோப்பம் தெரிஞ்ச யாராவது ஒருத்தரை வச்சு, ஒரு தரம் மூடிப் பாக்கணும்னு."

அவள் எண்களைப் பார்த்தாள். முட்டி வலிக்காரர் எதற்காக அப்படிக் கேட்கிறார் என்று யோசிக்கக் கடைக்காரம்மாவுக்கு ஒரு நொடிகூட ஆகாது.

"இதைப் படிச்சா அவங்களுக்குத் தெரிஞ்சுடுமே மாமா."

"தெரியட்டும்மா." அவர் தாளைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினார். "என்னால வாய்விட்டுச் சொல்ல முடியலை, அவ்வளவுதான். நீ எழுதிடு."